பயந்தாங்கொள்ளிக்குச் சாட்சி

உப்பளத்தில் மேற்பார்வை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, பாத்தி கட்டுவதையும் தண்ணீரின் உப்புப் பாகை பார்ப்பதையும் உங்களுக்குப் பழக்க இப்போது படித்த ஆட்கள் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் கேளுங்கள். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் நானா என்று கூப்பிடும் என்னிடம் கேட்டது வேறு. "நானா, இவ்வளவு காலம் இருந்திட்டுப் போனீங்க. புதுசா வந்த புள்ளைகளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தாங்க" என்றார்கள். நான் வெற்றி பெற்ற அனுபவம் ஒன்றை இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் கையில் இருப்பதை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வறுமைதான் காரணம் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். கணக்கு மாஸ்டரின் பிரம்புதான் காரணம் என்பதை இப்போதுதான் முதல் முறையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். பயம் எனக்குப் பிறவியிலேயே உள்ளது. வேலைக்குச் சைக்கிளில் பாதி வழி போன பிறகு, வீட்டில் அடுப்பு எரிகிறதோ என்று திரும்பி வருவேன். அடுப்பை மூட்டியது என் மனைவி. அவள் அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். "என்ன, இன்னும் எரியுதா எண்டு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்பாள்.

தொண்ணூறில், யுத்தத்தின் நடுவில், முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோதும் இதே கதைதான். மூன்று பிள்ளைகளையும், ஒரு சாக்கு அரிசியையும், காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அவள் கரைக்குப் போய் வள்ளத்தில் இடமும் பிடித்துவிட்டாள். நான் வீட்டுக்குள் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஆள் அனுப்பித்தான் என்னைக் கூட்டி வந்தாள். கற்பிட்டியில் வந்து இறங்கி, முகாமில் இருந்து, பிறகு இந்தக் களப்பு ஓரத்து உப்பளத்தில் எனக்கு வேலை கேட்டு வாங்கியதும் அவள்தான்.

இப்படிப்பட்ட நான் உப்பளத்தில் வாய் நிறையச் சொல்லித் திரிந்த வசனம் ஒன்று உண்டு: "பொம்புளைட கைல பொறுப்பக் குடுத்தா, ஒரு அவசரம் வந்த உடனே கை நடுங்கிப் போகும்."

இதை எப்படி ஆட்கள் சிரிக்காமல் கேட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு என் முகம்தான் காரணம். சிலருக்குப் பயம் வந்தால் முகம் கோணும், உதடு துடிக்கும். எனக்கு அப்படி இல்லை. பயம் வந்தால் என் முகம் கல்லாகிவிடும். கண் இமைகூட அசையாது. உள்ளே வயிறு கலங்கிக்கொண்டிருக்கும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது பெரிய நிதானம் போலத் தெரியும். "சத்தம் போடாதீங்க, நானா யோசிக்கிறார்" என்பார்கள். இருபது வருஷம் அந்த முகத்தை வைத்துப் பெயர் வாங்கினேன். வேலையாட்களுக்குத் தலைவன் என்ற பதவியும் அதனால்தான் வந்தது.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் பழைய மனேஜர் விலகினார். அந்த இடத்துக்கு நஸீரா என்ற பிள்ளையைப் போடும் பேச்சு வந்தது. முப்பது வயது இருக்கும். எங்களைப் போலவே முகாமில் வளர்ந்து, படித்துப் பட்டயம் வாங்கியவர். நாங்கள் மிஸ் என்றுதான் சொல்வோம். கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் இங்க மூத்த ஆள். ஒங்கட அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். வாழ்க்கையில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்றுகூடக் கேட்டதில்லை. நான் என் வசனத்தை எடுத்து விட்டேன். கிளாக்கர் அதை எழுத்துத் தமிழில் அழகாக்கித் தட்டெழுதிக் கொண்டு வந்தார்: "நெருக்கடியான வேளையில் பெண்களுக்குக் கை நடுக்கமும் மனத் தடுமாற்றமும் ஏற்படும் என்பது எமது அனுபவமாகும்." ஏழாம் வகுப்புக்காரனின் பேச்சு அச்சில் வந்தால் எப்படி இருக்கும்! இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளே, பேனையைப் பிடித்திருந்த அந்தக் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அபிப்பிராயக் கடதாசியைக் கோவைக் கட்டுக்குள் வைத்துவிட்டு, வேறு ஆள் கிடைக்காததால் மிஸ்ஸையே போட்டார்கள். ஒரு வருஷம் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு.

வந்த முதல் கிழமையே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை. மிஸ் வரம்பில் நின்று, "அந்தோனி அண்ணன், மூணாம் பாத்தித் தண்ணிய மாத்துங்க" என்பார். அந்தோனி மதகுக்காரன், சிலாபப் பக்கத்துக் கடற்கரை ஆள், நல்ல வேலைகாரன். மிஸ் சொன்னதும் அவன் மிஸ்ஸைப் பார்க்க மாட்டான். என்னைப் பார்ப்பான். நான் தலையை ஒரு தரம் ஆட்டுவேன். அதற்குப் பிறகுதான் நடப்பான். மதகு பார்க்கிற பன்னிரண்டு ஆண்களும் அப்படித்தான். உப்பு வாருகிற பெண்கள் மட்டும் மிஸ் சொன்ன உடனே செய்தார்கள். அவர்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை என்று நாங்கள் தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்து பேசிக்கொள்வோம்.

"மிஸ்ஸுக்குச் சேத்துல இறங்கச் சப்பாத்துக் கழட்டவே அரை மணித்தியாலம் போகும்" என்பான் ஒருவன்.

"கழட்டி முடியுற நேரம் உப்பு கரைஞ்சிடும்" என்பான் இன்னொருவன்.

நான் கடைசியில் என் வசனத்தைச் சொல்லி முடித்துவைப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் மிஸ் என்னிடம், "நானா, ஒங்கட தலை ஆடாட்டி இந்த உப்பளமே ஆடாது போல" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

மழைக்கு முந்திய கடைசி உப்பு வாரல் அது. மூன்று கிழமை வெயிலில் விளைந்த உப்பு பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேர் என்று கிடந்தது. பகல் சாப்பாடு முடிந்து ஆட்கள் இறங்கியிருந்தார்கள். எங்கள் இடத்தில் காற்றுப் பார்க்க நுரைச்சோலை மின் நிலையத்துப் புகைக்கூண்டைத்தான் பார்ப்போம். அதுவரை தரைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த புகை நின்று, நேரே எழும்பி, பிறகு கடல் பக்கம் சாய்ந்தது. களப்புக்கு அந்தப் பக்கம், வண்ணாத்திவில்லுத் திசை, கறுத்துக்கொண்டு வந்தது.

மிஸ் கைகளை வாயில் குவித்துச் சத்தமாகச் சொன்னார்: "வாருறத நிப்பாட்டுங்க! மதகுல மேல் ரெண்டு பலகையையும் கழட்டுங்க! வாரினதெல்லாம் வரம்புக்கு ஏத்துங்க! இப்பவே!"

பெண்கள் அந்த நிமிஷமே கூடையைத் தூக்கினார்கள். பன்னிரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள்.

மேல் பலகையைக் கழட்டினால் மழைத் தண்ணீர் மேலோடு வழிந்து போகும், அடியில் உப்பு தப்பும். ஆனால் கழட்டிய பிறகு மழை வராமல் போனால், மாதக்கணக்காக வெயிலில் காய்ச்சி எடுத்த கெட்டி உப்புத் தண்ணீர் களப்புக்குப் போய்விடும். கழட்டச் சொன்னது யார் என்று கேள்வி வரும். கழட்டாமல் மழை வந்தால், கழட்டாதது யார் என்று கேள்வி வரும். என் மூளையில் இந்த இரண்டு கேள்வியும் செக்கு மாடு போலச் சுற்றின. தலை மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. முகம் கல்லாகிவிட்டது.

"பொறுங்க, நானா யோசிக்கிறார்" என்றான் அந்தோனி.

"நானா! அவங்களுக்குச் சொல்லுங்க!" மிஸ் வரம்பால் ஓடிவந்துகொண்டே கத்தினார்.

என் வயிறு எனக்காக முடிவெடுத்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கிற கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தகரக் கூரையில் முதல் துளி விழுந்த சத்தத்தை அங்கே இருந்துதான் கேட்டேன். பிறகு துளி என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம்.

வெளியே வந்து பார்த்தால், மிஸ் முழங்கால் வரை சேற்றில் நின்று ஒரு மதகின் பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் மதகைத் தொடுவதில்லை. தொட்டால் தண்ணீர் கெடும் என்று ஒரு கதை. நனைந்து ஊறிய பலகை இலேசில் வராது. நாலு பெண்கள் அவருக்குப் பின்னால் பிடித்து இழுத்தார்கள். பன்னிரண்டு மதகில் மூன்றைத்தான் அவர்களால் திறக்க முடிந்தது. ஆண்கள் வரம்பில் நனைந்துகொண்டு, நான் போன திசையையே பார்த்தபடி நின்றார்கள். நான் வந்ததும் எல்லார் கண்ணும் என் தலைக்கு வந்தது. அப்போது ஆட்டினேன். எதற்கு? மழை அரை மணித்தியாலம்தான் பெய்தது. ஒன்பது பாத்தி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வானம் அதில் அழகாகத் தெரிந்தது.

அடுத்த கிழமை கந்தோரில், அதாவது உப்பள ஆபிசில், விசாரணை. பணிப்பாளரும் கூட இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மிஸ் கதிரையின் நுனியில் இருந்தார். நான் சுவரோரமாக நின்றேன்.

"நான் சொன்னேன் சேர். சொன்னது நடக்கல்ல" என்றார் மிஸ்.

"நடக்க வைக்கிறதுக்குப் பேர்தானே அதிகாரம்" என்றார் பணிப்பாளர். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோவையைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார்: "நெருக்கடியான வேளையில் பெண்களுக்குக் கை நடுக்கமும் மனத் தடுமாற்றமும்..." வாசித்துவிட்டு மிஸ்ஸிடம், "இது நான் சொல்றதில்ல புள்ள. ஒங்கட ஆட்களே அண்டைக்குச் சொன்னது" என்றார்.

மிஸ் அந்தக் கடதாசியையும் பார்த்தார், அடியில் இருந்த கையெழுத்தையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பணிப்பாளர் தீர்மானத்தைச் சொன்னார். மிஸ்ஸை உப்பளத்திலிருந்து எடுத்துக் கொழும்புக் கந்தோரில் கோவைகள் பார்க்கப் போடுவது. பொம்புளைப் பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு. இங்கே பொறுப்புக்கு என்னைப் போடுவது. "அவர்ட முகத்தப் பாருங்க. இந்த நேரத்துலயும் எவ்வளவு நிதானம்!"

நியாய உணர்ச்சி பொங்கி எழுந்து பேசினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது பொய். இனி மழை கறுத்தால் எல்லாரும் என்னை மட்டும்தான் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது.

"சேர், மிஸ் நேரத்தோட சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் பயந்துட்டேன்."

பணிப்பாளர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? ஒரு பொம்புளைப் புள்ளைட மானத்தக் காப்பாத்த எல்லாத்தையும் தன்ட தலைல போடுறார். இப்படி மனிசர் இப்ப எங்க இருக்கிறாங்க?"

"இல்ல சேர், மெய்யாத்தான். நான் கக்கூசுக்குப் போய்ட்டேன்."

"வயசு போனா அதெல்லாம் நடக்கும்தானே நானா. அதுக்கு வெட்கப்படாதீங்க."

அந்தோனியைக் கூப்பிடுங்கள் என்றேன். அவன் வந்தான். "உங்கட நானா பயந்துட்டாராம், உண்மையா?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"நானாவா? சே! அவர் யோசிச்சவர் சேர். மிஸ் கத்தினதுல யோசனை குழம்பிட்டுது."

"அந்தோனி, உண்மையச் சொல்லு" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க நானா. உங்கள விட்டுக்குடுப்பமா?" என்று என் காதோரம் சொல்லிக் கண்ணடித்துவிட்டுப் போனான்.

பிள்ளைகளே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு ஆண், தான் பயந்தவன் என்று கத்துகிறான். ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. சேற்றில் முழங்கால் வரை நின்று பலகை இழுத்தவரைக் கை நடுங்கியவர் என்கிறார்கள். கக்கூசுக்குள் இருந்தவனை நிதானமானவன் என்கிறார்கள். வீரன் என்ற பொய்ப் பெயரை வாங்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. கோழை என்ற உண்மையை நிறுவுவதற்குச் சாட்சி தேட வேண்டி வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். நான் வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. தொண்ணூறுல இருந்து தொடங்குறேன்."

மனைவியின் சாட்சி செல்லாது என்று நினைத்தேன். எந்த நீதிமன்றத்திலும் செல்லும் என்று இப்போது தோன்றுகிறது. போனை வைத்துவிட்டுப் பெண்கள் சாப்பிடுகிற கொட்டகைக்குப் போனேன். இருபது வருஷத்தில் அதற்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. உப்பு வாருகிறவர்களில் மூத்தவர், எல்லாருக்கும் அக்கா முறையான சுலைஹா ராத்தா, பார்சலை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்தா, நான் பயந்தவன் எண்டு வந்து சொல்ல ஏலுமா?"

ராத்தா வாயில் இருந்ததை விழுங்கும் வரை என்னைப் பார்த்தார். "அதுக்கென்ன, ஏலும். எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்லையே நானா."

சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பெண்கள் உப்புப் படிந்த காலோடு கந்தோருக்குள் வந்தார்கள். கிளாக்கர் தரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சொல்லுங்க" என்றார் பணிப்பாளர்.

"வானம் இருண்டா இவர்ட முகம் அப்படியே நிண்டிடும் சேர்" என்றார் ராத்தா. "அது நிதானம் இல்ல. கொட்டகைல நாங்க 'நானா பூட்டிட்டார்' எண்டு சொல்றது. அதுக்குப் பொறகு ஓடுவார்."

"எங்க ஓடுவார்?"

"கக்கூசுக்கு. மழை வருமா வராதா எண்டு நாங்க வானத்தப் பார்க்கிறதே இல்ல சேர். நானா கக்கூசுக்குப் போறாரா எண்டுதான் பார்ப்பம். போனா உடனே உப்ப ஏத்தத் தொடங்குவம். இத்தின வருஷத்துல ஒரு நாளும் பிழைச்சதில்ல."

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பணிப்பாளருக்குப் பக்கத்தில் இருந்தவர் இருமுவது போலக் குனிந்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"பாருங்க, இப்பவும் பூட்டிட்டார்" என்றார் ராத்தா, என்னைக் காட்டி.

"அப்ப அண்டைக்கும் அவர் போனதப் பாத்துத்தான் நீங்க ஏத்தத் தொடங்கினீங்களா?"

"இல்ல சேர்" என்றார் ராத்தா. இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை. "அண்டைக்கு இவர்ட வயித்துக்கும் முந்தி மிஸ் சொல்லிட்டாங்க. நாங்க ஏத்தினோம். ஏத்தினது இரிக்கி, வெளிய போய்ப் பாருங்க. ஆம்புளையாக்கள் இவர்ட தலை ஆடும் வரைக்கும் நிண்டாங்க. அது கரைஞ்சி போச்சு."

கந்தோர் யன்னலால் பார்த்தால் தென்னங்கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள் தெரியும். பணிப்பாளர் எழும்பிப் போய் அதைப் பார்த்தார். அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "சரி, அடுத்த வாரல் வரைக்கும் பாப்பம்" என்று சொல்லிக் கோவையை மூடினார். மிஸ்ஸுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒரு வாரல். அவர் அதை எடுத்துக்கொண்டார்.

என் கடதாசியைக் கிழித்துவிடச் சொல்லிக் கேட்டேன். கோவையில் போனதை எடுக்கக் கூடாது என்றார் கிளாக்கர். அப்படியென்றால் அடியில் இன்னொரு வசனம் எழுதுங்கள் என்றேன். "என்னெண்டு?" என்று கேட்டார். "மேலே சொன்ன கை நடுக்கம் என்னுடையது" என்றேன். அவர் அதை அழகாக்கப் பார்த்தார். நான் விடவில்லை. சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது இன்றைக்கும் அங்கே இருக்க வேண்டும். வேண்டுமென்றால் தேடிப் பாருங்கள்.

உங்களில் சிலர் நாளைக்கு மூத்தவர்கள் ஆவீர்கள். பொறுப்பில் இருக்கும் ஒரு பெண் ஏதாவது சொல்லும்போது, ஆட்கள் அவரைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இனிமையாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது. நான் வாய் திறந்து அவரை ஒரு நாளும் எதிர்த்ததில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. ஒன்பது பாத்தியைக் கரைக்க ஆடாத தலை ஒன்று போதுமாக இருந்தது.

அதற்கு மருந்து கண்டுபிடித்தது நான் இல்லை. விசாரணைக்கு மறுநாள் காலையில் ஆட்கள் எல்லாரும் வரம்பில் கூடியிருந்தபோது மிஸ் என்னிடம் வந்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நானா, நான் வேலை சொல்லும்போது நீங்க களப்பைப் பார்த்துக்கொண்டு நில்லுங்க."

"திரும்பியா மிஸ்?"

"ஓம். முதுகு அவங்களுக்குத் தெரியட்டும்."

திரும்பி நின்றேன். எனக்கு முன்னால் தண்ணீரும், தூரத்தில் இரண்டு வள்ளங்களும். பின்னால் மிஸ் யார் யார் எந்த மதகுக்குப் போவது என்று சொல்லி முடித்தார். ஒருவனும் கால் எடுத்து வைக்கிற சத்தம் கேட்கவில்லை. என் கழுத்தில் பன்னிரண்டு பேரின் கண்ணும் படுவது தெரிந்தது. என் தலை பழக்கத்தில் ஆடப் பார்த்தது. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தோனி அண்ணன்" என்றார் மிஸ், இன்னொரு தரம், அதே குரலில்.

அதற்குப் பிறகு பின்னால் சேறு மிதிபடுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒருவன் நடந்தான். பிறகு எல்லாரும் நடந்தார்கள்.